பாதத்திலும் ஒரு நாடி

எமது கல்லூரி வாயிலிலிருந்து பேருந்துத் தரிப்பிடம் வரையுள்ள வழி 500 மீற்றருக்கும் குறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதனை ஒரே நடையிற் கடக்க இயலாதவனானேன். பாதி வழியில் வலக் கெண்டைக்கால் கயிறு முறுக்கினாற்போல இறுகி நோகும். மதிலோரம் நிற்பேன்; மூன்று நிமிடத்தில் நோவு முற்றாக நீங்கும். மீண்டும் நடந்தால் அதே தொலைவில் அதே நோவு. கண்ட மாணாக்கர், பண்டிதர் ஏதோ சூத்திரத்துக்குப் பொருள் தேடி நிற்கின்றார் என எண்ணினராம். யானும் மறுத்திலேன்.

வாதமென்று கருதி எண்ணெய் பூசி ஓராண்டைக் கழித்தேன். பின்னர் வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர், என் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுவின் பின்புறத்திலும் விரல் வைத்து நெடுநேரம் தேடினார். "ஐயா, இந்தக் காலில் நாடி பிடிபடவில்லையே" என்றார். நாணினேன். நாடி பார்க்கும் இடங்கள் பத்தென்றும், அவற்றுட் குதிகாற் சந்தும் ஒன்றென்றும் சித்த வைத்திய நூலார் கூறுவதை வகுப்பிற் பலகால் விரித்துரைத்தவன் யான். என் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை.

காலுக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்குவதே இந்நோய். ஓய்ந்திருக்கும் தசைக்கு அவ்வொடுங்கிய ஓட்டம் போதும். நடக்கும் தசைக்குப் போதாது. அதனாலேயே நடையில் நோவும் நிற்பில் ஆறுதலும். இதனை 1831இல் பூலே என்னும் பிரெஞ்சு மிருக வைத்தியர் குதிரையிலும், 1858இல் சார்க்கோ மனிதரிலும் கண்டெழுதினர். மேனாட்டார் இதற்கு இட்ட பெயரின் இலத்தீன் வேர்க்கு நொண்டுதல் என்பதே பொருள். நமது நொண்டி நாடகத்துக் கள்வன் இழந்த காலை இறையருளாற் பெறுவான். வைத்தியசாலையில் அவ்வாறு நிகழ்வதில்லை.

கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையினதாற் பிரித்து வரும் எண் 0.9 அல்லது அதனிற் குறைவாயின் நோய் உண்டென்பர். எனக்கு 0.6. நீரிழிவாளர்க்கு நாடிச் சுவரிற் சுண்ணம் படிந்து இறுகுதலால் இவ்வெண் பொய்யாக உயர்ந்தும் காட்டலாம். அவர்க்குக் கால்விரலில் அளப்பர்.

முப்பது ஆண்டு புகைத்த சுருட்டை அன்றே விடுமாறு வைத்தியர் கூறினார். குருதி உறைவைத் தடுக்க ஒரு குளிசை, கொழுப்பைக் குறைக்க ஒரு குளிசை. மூன்றாவது கட்டளைதான் என்னைத் திகைக்கச் செய்தது: நடக்க வேண்டும்! நோவு ஓரளவு மிகும்வரை நடந்து, நின்று, அது தணிந்தபின் மீண்டும் நடத்தல். ஒருமுறைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளேனும், மூன்று மாதத்துக்குக் குறையாமல். சுருட்டை விடுதலே இதனினும் கடினமாயிருந்தது.

என் தமையனார்க்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. நீரிழிவால் உணர்விழந்த பாதம். செருப்புக் கடித்த சிறுபுண்ணை அவர் அறிந்திலர். இரவில் நோவெடுத்தபோது காலைக் கட்டிலின் கீழே தொங்கவிட்டுத் துயின்றார். அஃது ஓய்விலும் குருதி போதாமையின் குறியென்று எவரும் உணரவில்லை. சுடுநீர் ஒத்தடம் புண்ணைப் பெருக்கிற்று. இரண்டு விரல்களை எடுத்தே மற்றையவற்றைக் காத்தனர். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, கடுமையாக நோகுமாயின் விடியும்வரை பொறுத்திருத்தல் ஆகாது. காலைக் காக்கும் காலம் சில மணி நேரமே என்றும் அங்குதான் கேட்டறிந்தேன்.

இப்பொழுது மாலைதோறும் தமையனார் பாதங்களை விளக்கொளியிற் பார்க்கின்றேன். முதலில் மறுத்தார், இப்போது தாமே நீட்டுகின்றார். தரிப்பிடம் வரை நிற்காமல் நடக்கின்றேன். மதிலோரம் காணாத மாணாக்கனொருவன், "ஐயா, சூத்திரத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டதா?" என்று சென்ற கிழமை வினவினான்.