மீனுக்கு எப்படித் தெரிகிறது ரப்பர் புழு?

நீலகிரியின் மேல்மட்ட ஓடைகளில் ஒருகாலத்தில் பெரிய மீன்கள் அரிது. அருவிகள் குறுக்கே நின்றதால் சமவெளி ஆறுகளின் மீன்கள் மேலேறி வர வழியில்லை. அங்கே இருந்தவற்றில் ஒன்று, உடலில் நீலக்கோடு ஓடும் சின்னஞ்சிறு மீன். 1867-ல் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் பிரான்சிஸ் டே, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். நீலகிரியின் பெயரையே சுமக்கும் டெவாரியோ நீல்கெரியென்சிஸ் என்ற அந்த மீன், இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதே டே, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1863-ல், இங்கிலாந்தின் டிரவுட் மீனை இந்த மலைக்குக் கொண்டுவர முயன்று தோற்றவரும்கூட.

சூயஸ் கால்வாய் திறக்காத காலம். வெப்ப மண்டலக் கடலைத் தாண்டி, குளிர்நீர் மீனின் முட்டையை உயிரோடு கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. மறு ஆண்டே, ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைத்த முட்டைகள் கப்பலில் தாஸ்மானியாவுக்குப் போய்ப் பொரித்தன. நீலகிரிக்கு அந்த யோகம் வாய்க்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் மீன்துறைக்கு அடித்தளம் போட்ட 1907-ஐ ஒட்டித்தான், எச்.சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு வல்லுநர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். நியூசிலாந்து உட்பட வெளிநாடுகளிலிருந்து முட்டைகள் வந்தன. நிலைத்தது இங்கிலாந்து டிரவுட் அல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட். அதைப் பிடிக்க இறகும் பட்டுநூலும் முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிகளும் சேர்ந்தே வந்தன. ஆக, பொய்யிரை இந்த மலைக்குப் புதிதல்ல. பொய்யின் பொருள்தான் மாறியிருக்கிறது.

இப்போது இணையக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் பத்துப் பன்னிரண்டு ரப்பர் புழுக்கள் இருக்கும். வழுவழுப்பானவை, வாலை ஆட்டுபவை. ரப்பர் என்பது நாம் சொல்கிற பெயர். பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக். இதன் பூர்வீகம் டயர் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க ஊரான ஆக்ரன். 1949-ல் அங்கே நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, மனைவியோடு சேர்ந்து வீட்டு அடுப்பிலேயே பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, உண்மையான மண்புழுவைக் கொண்டு எடுத்த அச்சில் வார்த்தார். பாஸ் என்னும் வட அமெரிக்க மீனைப் பிடிப்பவர்களிடையே அது தீயாய்ப் பரவியது. செய்முறை இன்றும் ஏறக்குறைய அதுவேதான். பிவிசித் தூளை எண்ணெய் போன்ற ஒரு இளக்கியில் கலந்தால் பால்போன்ற கூழ் கிடைக்கும். சுமார் 175 டிகிரி செல்சியஸில் அது கண்ணாடிபோல் தெளிந்து, ஆறும்போது இறுகும். இளக்கி கூடினால் புழு குழையும், குறைந்தால் விறைக்கும். இந்த இளக்கி ஓரிடத்தில் நிற்காது. அதனால்தான் ரப்பர் புழுவைச் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைத்தால் சில நாளில் டப்பாவின் அடியே இளகிப் பிசுபிசுக்கும்.

இந்தத் துண்டு மீனை எப்படி நம்பவைக்கிறது? மீன் முட்டாள் என்பதால் அல்ல. அதற்கு நம்மிடம் இல்லாத புலன்களே உண்டு. பொய்யிரை அவற்றில் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தேர்வு எழுதுகிறது.

முதலில் கண். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடும். ஒளி நீருக்குள் நுழைகையில் வளைவதன் விளைவு இது. அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஓடையின் அடித்தளத்தையே காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் சாளரத்துக்குள் தெரிவார். குனிந்து பின்வாங்கியவர் அதன் விளிம்பில் நசுங்கிய கீற்றாகிவிடுவார். டிரவுட் ஓடையில் பழகியவர்கள் முழங்காலிட்டு வீசுவது இதனால்தான்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைவிட மீனின் விழித்திரை சொல்வது நம்பகமானது. பெரியவாய் பாஸ் மீனுக்கு இரண்டே வகைக் கூம்பு செல்கள். ஒன்று பச்சைக்கு, மற்றது சிவப்புக்கு. இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் உணவைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கிப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த மீன் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. பளீர் மஞ்சளை வெள்ளையோடும் நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது. நீல வால், கறுப்பு வால் என்று இரண்டு பொட்டலம் வாங்குபவர் ஒன்றுக்கு இருமுறை பணம் கொடுக்கிறார். டிரவுட்டின் கதை வேறு. அதற்கு நான்கு வகைக் கூம்புகள்; இளம் டிரவுட்டுக்கு நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியும் தெரியும். தெளிந்த ஓடையில் அதன் முன்னே கண்ணைப் பறிக்கும் நிறம் சந்தேகத்தையே கிளப்பும். பாசிப்பச்சை, பழுப்பு போன்ற தட்டான்பூச்சிக் குஞ்சின் நிறங்கள் அங்கே போதும். மழைக்காலத்தில் நீர் கலங்கிச் செந்நிறமானால் நிறம் பொருளிழந்துவிடும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் ஒளியை மறைக்கும் கரிய நிழலுருவமே தெரியும். அப்போது கறுப்பு.

இரண்டாவது புலன் எனக்குத் தீராத வியப்பைத் தருவது. மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரை ஓடும் மெல்லிய கோட்டைக் குழம்புக்கு மீன் கழுவும் எவரும் பார்த்திருப்பார்கள். அதுதான் பக்கக்கோட்டு உணர் உறுப்பு. தோலிலும் தோலடிக் குழாய்களிலும் உணர்மொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்மயிர் செல்கள்மேல் கூழ்த்தொப்பி ஒன்று கவிந்திருக்கும். நீர் அசைந்தால் தொப்பி சாயும், மயிர் வளையும், நரம்பு துடிக்கும். நம் உட்காதில் ஒலியைப் பிடிக்கும் செல்களும் இதே குடும்பம்தான். தன் உடல் நீளத்தின் ஒன்றிரண்டு மடங்கு தொலைவுக்குள் எது அசைந்தாலும் மீன் உடலால் அதைக் கேட்டுவிடும். மஸ்கெலஞ்ச் என்ற வட அமெரிக்க வேட்டை மீனைப் பார்வையில்லாமல் சோதித்தபோதும் அருகே வந்த இரையைச் சரியாகக் கவ்வியது. பக்கக்கோட்டையும் மரக்கச் செய்தபோதுதான் வேட்டை நின்றது. 2001-ல் வெளியான ஆய்வு இது.

மென்பிளாஸ்டிக்கின் வெற்றி இங்கேதான். மரத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ செய்த மீன்வடிவம் மொத்தமாக ஆடும். மெல்லிய சுருள்வாலோ நீர் கடந்துபோகும்போது இடவலமாகச் சுழல்களை உதிர்த்துச் செல்லும். நீந்தும் குஞ்சுமீன் விட்டுச்செல்லும் தடமும் அப்படிப்பட்டதே. ஆனால் குளிர் இதைக் கெடுக்கும். சென்னைக் கடையில் வெண்ணெயாகக் குழைந்த வால், குளிர்மாத அவலாஞ்சி நீரில் விறைத்து ஆட மறுக்கும். மலைக்கு வாங்குபவர் இருப்பதிலேயே மென்மையானதை, ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேற்படாததை, ஓரிரு கிராம் ஈயத்தலையோடு வாங்க வேண்டும். வீசுவதும் நீரோட்டத்துக்கு எதிரே, மேல்நோக்கி. டிரவுட் பாறைக்குப் பின்னால் ஓட்டத்தை எதிர்த்து முகம்வைத்து நிற்கும். அதன் இரை மேலிருந்து மிதந்து வருவதுதான் வழக்கம்.

கடைசித் தேர்வு வாயில். மீன் கடித்து எடுப்பதைவிட உறிஞ்சி எடுப்பதே அதிகம். வாயும் செவுள்மூடியும் கண நேரத்தில் விரிய, நீர் உள்ளே பாயும். லேசான, வளையும் பொருள் நீரோடு வழுக்கி உள்ளே போய்விடும். உதட்டிலும் வாயிலும் சுவைமொட்டுகள் இருப்பதால் போலி உடனே துப்பப்படும். கெட்டியானது நொடியில் வெளியே. சதைபோல் அமுங்குவதை மீன் இன்னும் சற்று வைத்துப் பார்க்கும். தூண்டில்காரருக்கு அந்தச் சற்றே போதும். பிளாஸ்டிக்கில் உப்பைக் கலப்பது இந்த அவகாசத்தை நீட்டவும், எடை கூட்டவும். கை மணமும் கணக்கில் உண்டு. 1950-களில் கனடாவில், மனிதக் கையையும் கரடிப் பாதத்தையும் கழுவிய நீரை ஓடையில் விட்டபோது மேலேறி வந்த சால்மன்கள் பின்வாங்கின. காரணம் நம் தோலிலுள்ள செரின் என்ற அமினோ அமிலம். டிரவுட் சால்மனின் நெருங்கிய உறவு. ஓடை மண்ணில் கையைத் தேய்த்துக்கொண்டு புழுவைக் கோப்பது வீண் சடங்கல்ல.

சமவெளியில் இதே அறிவு விராலுக்குப் பயன்படுகிறது. நம் குளங்களில் பாஸின் இடத்தில் இருப்பது விரால்தான்: தாமரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் பதுங்கிப் பாயும், குஞ்சுகளைக் காவல் காக்கும். உயிர்த்தவளையைக் கோத்துப் பிடித்த இடத்தில் இன்று உள்ளீடற்ற ரப்பர் தவளை வந்துவிட்டது. இரு முட்களும் அதன் முதுகோடு ஒட்டிப் படிந்திருப்பதால் இலையில் மாட்டாது. விரால் வாயை இறுக்கும்போது உடல் நசுங்கி முட்கள் வெளிப்படும். ஒரு தவளையைக் குத்தாமல் மீன்பிடிக்க முடிவது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

மலை ஓடைக்கு அதே பாராட்டைச் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாப் புலன்களையும் ஏமாற்றும் பொருள், முள்ளிலிருந்து கழன்று ஓடையடியில் கிடக்கும்போதும் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வளர்ப்புத் தொட்டியின் அடியில் மென்பிளாஸ்டிக் இரைகளைப் போட்டு, புரூக் டிரவுட் மீன்களைக் கவனித்தார்கள். 2009-ல் வெளியான முடிவு: 63 சதவீத மீன்கள் தாமாகவே அவற்றை விழுங்கின. பதின்மூன்று வாரங்களாகியும் கக்கவில்லை. வயிறு நிரம்பியதாகவே இருந்து, உணவில் நாட்டமிழந்து, உடல் மெலிந்தன. நீரில் ஊறும் பிளாஸ்டிக் உப்பிப் பெருக்கவும் செய்யும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பிளாஸ்டிக்குக்கு எதிராக இயக்கம் நடத்திய மாவட்டம் நீலகிரி. தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடலாம். விரல் நீளப் புழு சட்டைப்பையில் ஏறிப்போகும். முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்கே இடமில்லை. வெளியே, அனுமதி பெற்று ஓடையில் வீசுபவருக்கு நான் பரிந்துரைப்பது வில்சன் காலத்து இறகுப் பூச்சியைத்தான்: அறுந்தாலும் இறகும் நூலும் மக்கிவிடும், எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிய முள் துருப்பிடித்து உதிரும். ரப்பர் புழுவை எமரால்டு போன்ற அணைநீர்த் தேக்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கும் தலைப்பக்கம் ஒரு துளி பசை வைத்து முள்தண்டோடு ஒட்டிவிட்டால் ஒரே கடியில் கழன்றுபோகாது. கிழிந்ததை டப்பாவில் போட்டு மலையிறங்கும்போது கொண்டுவந்துவிட வேண்டும்.