பேயைத் தின்னும் பசை!

அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி இரவு வீட்டு வாசலில் பேய் நிற்கும். தோட்டத்தில் கல்லறை முளைத்திருக்கும். மரத்தில் எலும்புக்கூடு தொங்கும்.

பயப்படாதீர்கள். எல்லாம் பொம்மைகள்தான்!

அன்று "ஹாலோவீன்" விழா. நவம்பர் 1-ந் தேதி கிறிஸ்தவர்கள் கொண்டாடும் சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய இரவு அது. அயர்லாந்தில் இருந்து குடியேறியவர்கள் 19-ம் நூற்றாண்டில் இந்த வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்குவார்கள்.

வாசலில் வைக்கும் பொம்மைகளைப் பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். அப்பா வெட்டுவார். அம்மா வர்ணம் பூசுவார். பிள்ளைகள் ஒட்டுவார்கள். இந்த ஒட்டும் வேலையில்தான் வம்பு வருகிறது!

காற்றால் ஆன கல்லறை

கல்லறையைக் கல்லில் செய்வது இல்லை. "பாலிஸ்டைரீன்" என்ற பொருளில் செய்கிறார்கள். நம் ஊர் தெர்மாகோல் இந்த வகைதான். அமெரிக்காவில் வீட்டுச் சுவருக்குள் குளிர் புகாமல் இருக்க, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் பெரிய பலகையாக விற்கிறார்கள். அதை வாங்கி, வெட்டி, சாம்பல் நிறம் பூசினால் கல்லறை தயார்.

இதில் பெரும் பங்கு காற்றுதான். எஞ்சியது பிளாஸ்டிக். அதனால்தான் அது இவ்வளவு லேசாக இருக்கிறது.

பசை தின்று விடும்!

சில பசைகளில் அசிட்டோன், டொலுவீன் போன்ற திரவங்கள் கலந்திருக்கின்றன. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருப்பதும் பெரும்பாலும் அசிட்டோன்தான். இந்தத் திரவங்கள் பட்டால் தெர்மாகோலில் உள்ள பிளாஸ்டிக் கரைகிறது. உள்ளே இருந்த காற்று வெளியே போய் விடுகிறது. பலகையில் பள்ளம் விழுகிறது.

நல்ல வலுவான பசை என்று நம்பித் தடவுவார்கள். சிறிது நேரத்தில் பேயின் மூக்கைக் காணோம்! "சூப்பர் குளூ" என்னும் உடனே பிடிக்கும் பசையும் இப்படித்தான் அரிக்கும். டப்பாவில் இருந்து பீய்ச்சும் வர்ணங்கள் பலவும் இதே வேலையைச் செய்யும்.

எதை வாங்குவது?

வெள்ளைப் பசை: பெவிகால் இந்த இனம். இதில் இருப்பது தண்ணீர். தெர்மாகோலைக் கரைக்காது. ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் பசை காயும். இரண்டு அகலமான பலகைகளுக்கு நடுவே தண்ணீர் போக வழி இல்லை. பல நாள் ஆனாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். மழையில் நனைந்தால் இளகவும் கூடும். சிறு துண்டுகளுக்கும், மேலே காகிதம் ஒட்டவும் இது போதும்.

சூட்டுப் பசை: குச்சியாக இருக்கும் பசையை மின்சாரத் துப்பாக்கியில் உருக்கி ஒட்டுவது. அதிகச் சூடு உள்ள துப்பாக்கி சுமார் 190 டிகிரி செல்சியஸ் வரை போகும். தெர்மாகோலோ 100 டிகிரி அளவிலேயே இளகி விடும். ஆகவே குறைந்த சூட்டுத் துப்பாக்கியே நல்லது. அதிலும் பசையை இட்டு, சில விநாடி ஆறவிட்டு அழுத்த வேண்டும்.

பாலியூரித்தேன் பசை: பலகையோடு பலகை ஒட்ட ஏற்றது. ஈரம் பட்டால்தான் இறுகும். ஒரு பக்கத்தை லேசாக நனைத்து, மறுபக்கத்தில் மெல்லியதாகத் தடவ வேண்டும். இது நுரைத்துப் பொங்கும். மேலே பாரம் வைக்காவிட்டால் பலகையைத் தள்ளி விடும். கையில் பட்டால் கறை எளிதில் போகாது. உறை அணிவது நல்லது.

கட்டுமானப் பசை: தச்சர்கள் பலகை ஒட்ட உபயோகிப்பது. இதில் பல ரகம் உண்டு. "நுரைப் பலகைக்கு ஏற்றது" என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

எந்தப் பசையானாலும் காய்வதற்குள் துண்டுகள் நழுவும். பல் குத்தும் குச்சிகளை உள்ளே செருகி வைத்தால் நழுவாது. மறுநாள் வரை தொடக் கூடாது.

செருப்புக்கு வேறு பசை

எல்லா நுரையும் தெர்மாகோல் அல்ல. முகமூடியும் கவசமும் "ஈ.வி.ஏ." என்ற மெத்தென்ற நுரையில் செய்வார்கள். பல செருப்புகளின் அடிப்பாகம் இதுதான். இதற்குச் செருப்புத் தொழிலாளி பயன்படுத்தும் பசையே சிறந்தது. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான். பிரிக்க முடியாது! தெர்மாகோலைத் தின்னும் அதே பசை இங்கே நண்பன்.

ஆகவே, முதலில் நுரை எது என்று பாருங்கள். பிறகு பசையைத் தேடுங்கள். சந்தேகமா? வெட்டி எறிந்த துண்டில் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். பள்ளம் விழாவிட்டால் பயப்படாமல் பூசலாம்.

8 பேரைப் பறித்த தீ

பொம்மை கரைந்தால் காசுதான் நஷ்டம். உயிரே போன சம்பவமும் உண்டு.

நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே "பேய் மாளிகை" இருந்தது. 1984-ம் ஆண்டு மே 11-ந் தேதி அதில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நுரை மெத்தைகள் வேகமாக எரிந்தன. வெளியே வர வழி தெரியாமல் இளம் பிள்ளைகள் 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் இத்தகைய கட்டிடங்களுக்கு விதிகள் கடுமையாயின.

வீட்டில் செய்யும் பொம்மையும் எரியும் பொருள்தான். எரிந்தால் கரும்புகை கக்கும். பசைகளில் பலவற்றின் ஆவியும் தீப்பற்றும். எனவே ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்ட வேண்டும். அருகில் அடுப்பும் சிகரெட்டும் கூடாது. பேயின் கண்ணில் வெளிச்சம் வேண்டுமா? மெழுகுவர்த்தி வேண்டாம். பேட்டரி விளக்குப் போதும்.

பேயைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படட்டும். அது பொய்ப் பயமாகவே இருக்கட்டும்!