முட்டி மாற்றிய பிறகு மேனுவல் காடி: எப்போது ஓட்டலாம்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

பினாங்கில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் நம்மவர்கள் ஏராளம். ஜி.எச். என்று நாம் சொல்லும் பினாங்கு பொது மருத்துவமனையிலும் தீவில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது இன்று வழக்கமான சிகிச்சை. வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதுமே பலர் கேட்பது, “காடி எப்போது ஓட்டலாம்?” என்பதுதான். ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ பழைய கஞ்சிலும் புரோட்டோன் சாகாவும் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அந்தக் காடிதான் கடைக்கும் கோயிலுக்கும் கால். அவர்களுடைய காடி பெரும்பாலும் மேனுவல் என்பதால், ஆட்டோ காடி ஓட்டுபவருக்குச் சொல்லும் பதில் இவர்களுக்குப் பொருந்தாது.

*டாக்டர் ஆறு வாரம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நாலாவது வாரமே ஓட்டிவிட்டார். யார் சொல்வது சரி?*

இரண்டுமே சரியாக இருக்கலாம். வலது முட்டி மாற்றியவர்கள் அவசர பிரேக் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். பழைய ஆய்வுகளில், கால் முன்பிருந்த வேகத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 8 வாரம் ஆனது. வலியைக் கட்டுப்படுத்தும் முறையும் மறுநாளே நடக்க வைக்கும் பழக்கமும் மேம்பட்ட பிறகு வந்த சில ஆய்வுகளில் அது 4 வாரமாகக் குறைந்திருக்கிறது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை பொதுவாக 6 வாரம் என்கிறது.

இவை எல்லாம் சராசரிக் கணக்குகள். அதே வாரத்தில் அறுவை செய்துகொண்ட இருவரில் ஒருவருக்கு முட்டி நன்றாக மடங்கும், மற்றவருக்கு வீக்கமே வடிந்திருக்காது. அதனால் அடுத்த வீட்டாரின் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். “பேத்தி கல்யாணத்துக்குள் ஓட்டிவிட வேண்டும்”, “தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நானே காடியில் போக வேண்டும்” என்று தேதி குறித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் தேதியைக் காலிடம் விட்டுவிடுங்கள்.

ஏன் என்றால், பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காடி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். உங்கள் கால் பிரேக்குக்கு வர அரை நொடி பிந்தினால் 11 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று மைவி நீளம், கூடுதலாகப் போயிருக்கும். முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கலாம்.

*எனக்கு மாற்றியது இடது முட்டி. பிரேக் வலது காலில்தானே? சீக்கிரம் ஓட்டலாமா?*

அதிகமாகக் கேட்கப்படுவதும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஆட்டோ காடியில் இடது காலுக்கு வேலை இல்லை. அதனால் வலி மாத்திரை நின்று, காடியில் ஏறி இறங்க முடிந்தால், இடது முட்டி மாற்றியவர்களைச் சில வாரங்களிலேயே மருத்துவர்கள் அனுமதிப்பதுண்டு. மேனுவலில் அந்தச் சலுகை கிடையாது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வலது காலின் பிரேக்கை அளந்தவை, கிளட்சை அல்ல.

கிளட்சை மிதிக்கும்போது முட்டி மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து, கால் முழு பலத்தோடு தள்ள வேண்டும். அதைவிடச் சிரமம் விடுவதில்தான். பாதி கிளட்சில் காலை நிறுத்தி, மெல்ல மெல்ல மேலே விடுவது தொடையின் முன்பக்கத் தசை செய்யும் வேலை. முட்டி மாற்றிய முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கும் மேல் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீக்கமும் வலியும் இருக்கும்வரை மூளை அந்தத் தசையை முழுதாக இயங்க விடாது. நடக்க முடிகிறதே, மிதிக்க முடியாதா என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பாலிக் புலாவுக்குப் போகும் மலைச்சாலை ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கால் நடுங்கினால் காடி பின்னால் உருளும். மாலை நேரத்தில் கிரீன் லேனில் ஊர்ந்தால் கிளட்சை எத்தனை முறை மிதிக்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் மேனுவல் ஓட்டுபவர் எந்த முட்டியை மாற்றியிருந்தாலும், 6 வாரத்துக்கு முன்பு யோசிக்காமல் இருப்பதே நல்லது. அதற்கு மேல் ஆனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: பழைய காடிகளில் தேய்ந்த கிளட்ச் இறுகிப்போயிருக்கும். நீங்கள் படுத்திருக்கும் வாரங்களில் பட்டறையில் விட்டு அதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். புது முட்டியைப் பழைய கிளட்சோடு மல்லுக்கட்ட விட வேண்டாம்.

*கால் தயாரா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?*

மருத்துவரும் பிசியோவும் சரி என்ற பிறகு செய்து பாருங்கள். சமதளத்தில் காடியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் திடீரென்று “நிறுத்து” என்றதும் வலது கால் எண்ணெய்ப் பெடலிலிருந்து பிரேக்குக்குத் தாவி முழு பலத்தோடு அழுத்த வேண்டும், அதே கணம் இடது கால் கிளட்சில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பெடல் சில மிதியிலேயே கல்லாக இறுகும். அது கோளாறு அல்ல. அழுத்தும்போது வலியால் கால் தானாகப் பின்வாங்குகிறதா, தொடையைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதா, பாதம் பெடலின் ஓரத்தில் இடறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்னும் நாள் இருக்கிறது. பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும் நேரம் அளவுக்குக் கிளட்சை மிதித்தபடி வைத்திருந்து, மெதுவாக விட்டுப் பாருங்கள். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

*மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஓட்டலாமா?*

டிராமடோல், பிரிகாபாலின் போன்றவை தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரக்கூடியவை. அவற்றை எடுக்கும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். பாரசிட்டமோல் மட்டும் போதும் என்ற நிலைக்கு வாருங்கள். போதைப் பொருளோ மருந்தோ காரணமாகக் காடியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ஓட்ட வேண்டும் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வலியோடு உட்காருவதும் ஆபத்துதான்.

*இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும் இதே விதியா?*

காலக்கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், கவலை வேறு. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவையில், முதல் வாரங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கினாலோ காலை உள்பக்கம் திருப்பினாலோ மூட்டு நழுவும் அபாயம் உண்டு. கஞ்சில் போன்ற தாழ்ந்த இருக்கையில் முட்டி இடுப்பைவிட உயர்ந்துவிடும். இருக்கையைப் பின்னால் தள்ளி, முதுகைச் சற்றுச் சாய்த்து, நழுவாத கெட்டியான மெத்தையைப் போடுங்கள். முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே கொண்டுவாருங்கள். இருக்கையில் பிளாஸ்டிக் பை விரித்தால் உடம்பு எளிதாகத் திரும்பும். ஓட்டும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

*லைசென்சுக்கும் இன்சூரன்சுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?*

அறுவை செய்த மருத்துவரிடம் ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். ‘டி’ லைசென்ஸ் உள்ளவர் ஆட்டோவும் ஓட்டலாம், புதிதாக எதுவும் எழுத வேண்டாம். ‘டிஏ’ வைத்திருப்பவருக்குத்தான் மேனுவல் கூடாது. அதனால் பிள்ளைகளின் ஆட்டோ காடி வீட்டில் இருந்தால், முதல் சில மாதங்களுக்கு அதை வாங்கி ஓட்டுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. இடது முட்டி மாற்றியவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

*மோட்டார் சைக்கிள்?*

காப்சாயில் இடது கால் கியர் மாற்றும், வலது கால் பின்பிரேக் பிடிக்கும். கிக்கர் அடிப்பதும் வலது காலே. நிற்கும்போது சாயும் வண்டியை ஊன்றிய ஒற்றைக் கால்தான் தாங்க வேண்டும். ஈரச் சாலையில் சறுக்கி விழுந்தால் உள்ளே பொருத்திய மூட்டைச் சுற்றி எலும்பு முறியலாம். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். காடி ஓட்டத் தொடங்கிப் பல வாரங்கள் கழிந்த பிறகு இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விட்டுவிட முடியுமானால் விட்டுவிடுங்கள் என்பேன்.

*முதல் பயணம் எவ்வளவு தூரம் போகலாம்?*

ஞாயிறு காலை, தாமானுக்குள் பத்து நிமிடம், பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர். சில நாள் அப்படிப் பழகிய பின் ஊருக்குள் போங்கள். லிட்டில் இந்தியாவில் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பாலம் கடைசியில். அதன் நடுவில் கால் பிடித்துக்கொண்டால் நின்று நீட்ட வசதியான இடம் இல்லை.

கோலாலம்பூர் போன்ற நீண்ட பயணத்தை மூன்று மாதமாவது தள்ளிப்போடுங்கள், பின் இருக்கையில் உட்கார்ந்து போவதாக இருந்தாலும் மருத்துவரைக் கேளுங்கள். அறுவைக்குப் பிறகு அந்தக் காலகட்டத்தில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து அதிகம். மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவது அதைக் கூட்டும். தவிர்க்க முடியாவிட்டால் குனோங் செமாங்கோல், தாப்பா போன்ற நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மணிக்கொரு முறையாவது இறங்கி நடங்கள், கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ அது நுரையீரலுக்குப் போன இரத்தக் கட்டியாக இருக்கலாம். காடியை ஓரமாக நிறுத்தி உடனே 999ஐ அழையுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.