உறவுநிலைத் தரவுத்தளம்

ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒரே பேரேடு உள்ளது என்று கொள்க. நோயாளி வரும் ஒவ்வொரு முறையும் அவருடைய பெயர், ஊர், அகவை, பெனிசிலின் ஒவ்வாமை உண்டா இல்லையா என்னும் குறிப்பு, நோய், கொடுத்த மருந்து ஆகியன ஒரே வரியில் எழுதப்படுகின்றன. செல்வி என்பவர் ஏழு முறை வந்தால் அவர் பெயரும் ஊரும் ஏழு முறை இடம்பெறும். தாள் வீணாவது சிறு குறையே. ஐந்தாம் வருகையின்போது அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது எனத் தெரியவந்து, அந்த வரியில் மட்டும் அது குறிக்கப்பட்டது எனின், முதல் நான்கு வரிகள் 'இல்லை' என்றே நிற்கும். ஏழாம் முறை எழுதுபவர் பழைய வரி ஒன்றைப் பார்த்துப் படியெடுத்தால் அங்கும் 'இல்லை' என்றே பதிவாகும். மருந்து எழுதும் மருத்துவர் எந்த வரியை நம்புவார்?

ஒரே செய்தி பல இடங்களில் பதியப்படுவது தரவு மிகைமை; அப்பதிவுகள் தம்முள் மாறுபடுவது தரவு முரண்பாடு. பேரேட்டைக் கணினிக்கு மாற்றிவிட்டால் மட்டும் இக்குறை நீங்காது. பிழையான அமைப்பு, கணினியில் இன்னும் விரைவாகப் பிழைகளைப் பெருக்கும்.

இதற்குத் தெளிவான கணித அடிப்படையில் தீர்வு கண்டவர் எட்கர் எஃப். காட். இங்கிலாந்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்ற இவர், அமெரிக்காவின் சான் ஓசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1970ஆம் ஆண்டில் உறவுநிலை மாதிரியை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன்னர்த் தரவுகள் மரக்கிளை போன்றோ வலை போன்றோ பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு தரவை அடையும் வழியை நிரலர் அறிந்திருக்க வேண்டும். சேமிப்பு முறை மாறினால் நிரலையும் திருத்த நேரிடும். காட் தரவுகளை எளிய அட்டவணைகளாகக் காட்டினார். கணக் கோட்பாட்டில் 'உறவு' எனப்படுவதே இங்கு அட்டவணையாகிறது. அட்டவணைகளுக்கு இடையேயான தொடர்பே 'உறவு' என்று பலர் கருதுவது பொருந்தாது. இப்பணிக்காக 1981இல் அவருக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

இம்முறையில் அப்பேரேடு இரண்டாகப் பிரியும். 'நோயாளி' அட்டவணையில் நோயாளி எண், பெயர், ஊர், பிறந்த நாள், ஒவ்வாமை ஆகியன நெடுவரிசைகள். ஒருவருக்கு ஒரே கிடைவரிசை. (அகவை ஆண்டுதோறும் மாறும், பிறந்த நாள் மாறாது. ஆதலின் பின்னதைப் பதிவதே முறை.) 'வருகை' அட்டவணையில் வருகை எண், நோயாளி எண், நாள், நோய், மருந்து ஆகியன அமையும். செல்வியின் ஒவ்வாமை ஓரிடத்தில் திருத்தப்பட்டால் போதும். ஏழு வருகைகளுக்கும் அதுவே பொருந்தும்.

ஒரு கிடைவரிசையை ஐயமின்றி அடையாளம் காட்டுவது முதன்மைத் திறவுகோல். பெயர் இதற்கு உதவாது. ஓர் ஊரிலேயே செல்விகள் பலர் இருப்பர். கைப்பேசி எண்ணும் உதவாது. குடும்பத்தார் நால்வருக்கு ஒரே எண் இருக்கலாம். எனவேதான் இருவருக்கு ஒன்றாக அமையாத நோயாளி எண் தனியே வழங்கப்படுகிறது. அந்த எண் 'வருகை' அட்டவணையில் இடம்பெறும்போது அயல் திறவுகோல் எனப்படும். 'நோயாளி' அட்டவணையில் இல்லாத எண்ணுக்கு வருகையைப் பதிய முயன்றால் தரவுத்தளம் ஏற்காது. எழுதுபவரின் கவனத்தை மட்டும் நம்பாமல் இந்தக் காவலை அமைப்பே மேற்கொள்கிறது.

பிரித்து வைத்தவற்றைத் தேவையானபோது இணைத்துக் காண்பதற்கு எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி பயன்படுகிறது. ஐ.பி.எம். ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் 1974இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டனர். எவை வேண்டும் என்று கூறினால் போதும். தேடும் வழியைத் தரவுத்தளமே வகுத்துக்கொள்ளும்.

தொடக்க நிலையில் கற்போர் மிகுதியும் இடறும் இடம் வெற்று மதிப்பு. ஒவ்வாமை நெடுவரிசை நிரப்பப்படாமல் இருந்தால் அதன் பொருள் 'இல்லை' என்பதன்று, 'அறியப்படவில்லை' என்பதே. ஒவ்வாமை 'ஆம்' என உள்ளவர்களை வினவினால் அந்நோயாளி பட்டியலில் வாரார். 'ஆம்' என்பதற்குச் சமமல்லாத மதிப்பு உடையவர்களை வினவினாலும் வாரார். அத்தகையோரைக் காண, வெற்று மதிப்பு உள்ளதா என்றே தனியாக வினவ வேண்டும்.