பள்ளி விட்ட பிறகு ஒரு பாடவேளை

பாடத்திட்டமோ தேர்வோ ஆசிரியரின் மேற்பார்வையோ இல்லாமல், விருப்பத்தாலும் தேவையாலும் ஒருவர் தாமே அறிந்துகொள்வதைக் கல்வியாளர் முறைசாராக் கற்றல் என்பர். பட்டறையிலும் அடுப்படியிலும் வயலிலும் தலைமுறைகளாக நடந்துவந்த இக்கற்றலில், பதின்ம வயதினரைப் பொறுத்தவரை, கைப்பேசிக் காணொளி இன்று பெரும்பங்கு கொண்டுள்ளது. பிரதம் தொண்டு அமைப்பின் 2024 ஏசர் கல்வி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுடையோரில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அவர்களுள் 57 விழுக்காட்டினர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதைக் கல்விக்கும், 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்கும் பயன்படுத்தியிருந்தனர். இவ்விரு பயன்பாடுகளையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதுவது பொருந்தாது. நண்பரோடு பொழுதுபோக்கும் இளையோர் ஆர்வத்தால் துழாவத் தொடங்கிப் பின் ஒரு துறையில் ஆழ்ந்துவிடுவதும் உண்டு என்பதை மானிடவியலாளர் மிசுகோ இத்தோவின் குழு அமெரிக்காவில் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

கரியமாணிக்கம் போன்ற புதுச்சேரிக் கிராமங்களில் காணொளியின் தேவைக்குத் தனிக் காரணமும் உண்டு. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ முறைக்கு மாறியதால், தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் பலர் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கில நூலில் எதிர்கொள்ள நேர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் அம்மாநிலப் பாடநூல்களை ஒட்டியவை. எனவே அவை இவர்களுக்கு ஓரளவே உதவும். இந்த இடைவெளியில்தான், பிரேமானந்த் சேதுராஜனின் எல்எம்இஎஸ் யூடியூப் அலைவரிசையைப் போன்று அறிவியலைத் தமிழில் விளக்கும் காணொளிகள் மதிப்புப் பெறுகின்றன. வகுப்பில் கைதூக்கிக் கேட்கத் தயங்கும் பிள்ளை, புரியாத இடத்தில் காணொளியை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்காக அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்வார் எவருமில்லை.

ஆயினும், தெளிவாகச் சொல்லப்பட்டதைக் கேட்டவுடன் எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றும் நிறைவு ஏமாற்றக்கூடியது. காணொளியை மூடிவிட்டுக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும்போதுதான் கற்றல் உறுதிப்படும், அப்போது எழும் ஐயத்தைக் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பது இதனினும் பெரிய கேள்வி. மேற்சொன்ன ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்த ஆண் பிள்ளைகளில் 36 விழுக்காட்டினரிடம் சொந்தக் கைப்பேசி இருந்தது, பெண் பிள்ளைகளில் 27 விழுக்காட்டினரிடமே இருந்தது. எனவே புதுச்சேரியில் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பகுதிதோறும் பள்ளிக் கணினி அறையை மாலையில் ஒரு மணி நேரம், ஆசிரியர் ஒருவரின் துணையோடு, சொந்தக் கைப்பேசி இல்லாத பெண் பிள்ளைகளுக்காகத் திறந்துவைக்க வேண்டும்.