பாடம் ஏரிக்கரையில் தொடங்கட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளிக்குக் காலநிலை மாற்றம் பற்றிப் பேசப் போயிருந்தேன். துருவப் பகுதியில் பனி உருகுவது, கடல் மட்டம் உயர்வது என்று படம் படமாகக் காட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார்.

"சார், எங்க ஊர் ஏரி இந்த வருஷம் ரொம்புமா? சம்பா வைக்கலாமா வேணாமான்னு எங்க அப்பா யோசிக்கிறாரு."

என்னிடம் பதில் இல்லை. அந்த ஏரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் கொண்டுபோன பாடத்தில் உலகம் இருந்தது. அந்த ஊர் இல்லை. இளைஞர்களுக்கான காலநிலைப் பாடத்தை விவசாயிகளும் ஆசிரியர்களும் இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றைக்கு வந்தது. அதற்கான பயிலரங்கை எப்படித் திட்டமிடலாம் என்பதே இந்தக் கட்டுரை.

ஒரே வீட்டில் கழனியும் கம்பெனியும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகளால் ஏரிப் பாசனக் கழனிகளுக்கு நடுவே இன்று பெரிய தொழில் வழித்தடம் உருவாகியிருக்கிறது. அப்பா கழனிக்கும், மகனோ மகளோ ஷிப்ட் பஸ்ஸுக்கும் போகிற வீடுகள் இங்கே ஏராளம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். எந்த ஏரி நிரம்பினால் எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும், கலங்கல் எத்தனை நாள் ஓடினால் நவரைக்கும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில் இருக்கும் கணக்கு. அது எந்தப் பாடநூலிலும் இல்லை. கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அதைக் கேட்க நேரமும் இல்லை. இந்தத் தலைமுறையில் எழுதிவைக்காவிட்டால், மழையின் போக்கு மாறும் காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கே இருக்காது.

புதிய யோசனை அல்ல

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே வலியுறுத்தியது. பாடங்களும் வந்தன. ஆனால், மேலிருந்து வரும் பாடம் எல்லா ஊருக்கும் பொதுவாகத்தான் இருக்க முடியும். உள்ளூர்ப் பகுதியை உள்ளூர்க்காரர்கள்தான் எழுத வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1989-ல் இந்தோனேசியாவில் நெல்லில் புகையான் தாக்குதலைச் சமாளிக்க உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கே வகுப்பறை கிடையாது. விவசாயிகள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, படம் வரைந்து, மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். நம் மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. கற்பவருடைய வாழ்க்கைக்கு உதவுவதால்தான் அந்தப் பாடம் நின்றது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் பருவநிலை இடர் மேலாண்மையில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் வலியுறுத்திவந்ததும் இதே வழியில்தான்.

யார் யார் உட்கார வேண்டும்?

முப்பது பேர் போதும். ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஏரிப் பாசனத்தில் அனுபவமுள்ள மூத்த விவசாயி ஒருவர், நடவு, களை வேலைக்குப் போகும் பெண் ஒருவர், ஆசிரியர் ஒருவர், தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், பிளஸ் 1 அல்லது கல்லூரி மாணவர் ஒருவர்.

வேளாண் உதவி இயக்குநர் அலுவலகம், அட்மா திட்ட அலுவலர்கள், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், பள்ளிகளின் தேசிய பசுமைப்படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றை அழைக்கலாம். இளைஞர் மேம்பாட்டுக்கென்றே மத்திய அரசு 1993-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. வேறு எந்த வட்டாரத்துக்கும் இல்லாத வசதி இது.

விரிவாக்கப் பணியாளர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பயிலரங்கு என்றால் ஒரு நாள் வருமான இழப்பு. அந்தக் கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஜூலை மாதம் ஏற்றது. பள்ளி திறந்திருக்கும், சம்பா வேலை சூடுபிடித்திருக்காது. ஏரியிலும் தண்ணீர் குறைந்திருக்கும் என்பதால் வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது, மதகு எங்கே பழுது என்பது கண்ணுக்குத் தெரியும். ஞாயிறு என்றால் ஷிப்ட் போகும் இளைஞர்களில் பலர் வர முடியும்.

முதல் ஞாயிறு காலை ஏரி நடை. கலங்கலில் தொடங்கி, கரைமேல் நடந்து, மதகு பார்த்து, வரத்துக் கால்வாய்வரை. பெரியவர்கள் சொல்வதை மாணவர்கள் எழுத வேண்டும். மதியம் ஆண்டுக்கோடு வரைய வேண்டும். 2015 பெருவெள்ளம், 2016 வர்தா புயல், 2019 வறட்சி, 2023 மிக்ஜாம் புயல் ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டு, "அந்த வருஷம் கலங்கல் ஓடியதா? என்ன பயிர் வைத்தீர்கள்? என்ன கிடைத்தது?" என்று கேட்க வேண்டும். வயதானவர்களிடம் வீட்டுக் கல்யாணம், பிள்ளை பிறந்த வருஷம் என்று கேட்டால் ஆண்டு நினைவுக்கு வரும். பிறகு அதை மழைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். நினைவும் பதிவேடும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நல்ல விவாதம் பிறக்கும்.

இரண்டாவது ஞாயிறு எழுதும் நாள். குழுவுக்கு ஒரு பாடம். ஒவ்வொரு பாடமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: இதைப் படிப்பவர் எதை அளப்பார்? யாரிடம் கேட்பார்? என்ன முடிவெடுப்பார்? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது இன்னும் பாடமாகவில்லை. நிபுணர் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. என் அனுபவத்தில் சொல்கிறேன்.

மாதிரிக்கு மூன்று பாடங்கள்

மழைக் கணக்கு: அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும். வானிலைத் துறை மழைக் கணக்கை முடிப்பதும் அந்த நேரத்தில்தான். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 4,047 லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. அப்படியானால் ஏக்கருக்குச் சுமார் 19 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 158 லாரி. தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் தன் ஷெட்டின் கூரைக்கும் இதே கணக்கைப் போடலாம். ஒரு ஏக்கர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 2 லட்சம் லிட்டர். அது எங்கே போகிறது?

இரவு வெப்பமும் நெல்லும்: பகல் வெயிலை எல்லோரும் கவனிக்கிறோம். இரவைக் கவனிப்பதில்லை. இரவு சூடாக இருந்தால் பயிர் சுவாசத்துக்காகச் சேமிப்பைக் கூடுதலாகச் செலவழிக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தபோது நெல் மகசூல் 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் கூடும். நவரை, சொர்ணவாரி நெல்லின் பூக்கும் நாட்களையும் வெப்பமானி அளவையும் மாணவர்கள் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு விதைப்பை ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்தலாமா என்று வீட்டில் பேச முடியும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: தண்ணீர் தொடர்ந்து நிற்கும் கழனியில் காற்றில்லாத மண்ணிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது. புவியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைவிட, நூறாண்டுக் கணக்கில், சுமார் 27 மடங்கு வலிமையானது. ஓர் அடி நீள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டுக் கழனியில் அரையடி ஆழத்துக்குப் பதித்தால், மண்ணுக்குள் நீர்மட்டம் தெரியும். மட்டம் 15 செ.மீ. கீழே போன பிறகு அடுத்த தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் பருவத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பாசன நீரும் மிச்சமாகும். மிச்சமான மோட்டார் ஓட்ட நேரத்தைக் குறிப்பது பிள்ளைகளின் வேலை.

மீதிப் பாடங்களுக்கு வெள்ள நீரின் பாதை, மேகதூத் செயலியின் முன்னறிவிப்பைச் சரிபார்த்தல், வெயிலில் உழைப்பவர் உடல்நலம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

எதற்கெல்லாம் காலநிலை காரணம்?

பயிலரங்கில் கட்டாயம் ஒரு சச்சரவு வரும். "எல்லாம் காலநிலை மாற்றத்தால்தான்" என்பார் ஒருவர். "கால்வாயை அடைத்ததால்தான்" என்பார் இன்னொருவர். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே பாடத்தின் முக்கிய வேலை. ஒரு நாள் மழையோ ஒரு வருஷ வெயிலோ காலநிலை அல்ல. முப்பது ஆண்டுச் சராசரி நகர்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். கடலும் காற்றும் சூடாவதால் கனமழையின் தீவிரம் கூடுகிறது என்பது அறிவியல். பெய்த மழை ஏரிக்குப் போகாமல் தெருவுக்குள் வந்தால், அதற்குக் காரணத்தை வரத்துக் கால்வாயில் தேட வேண்டும். முதலாவதை ஓர் ஊர் தனியாக மாற்ற முடியாது. இரண்டாவதை முடியும். எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடும் பாடம் பிள்ளைகளைக் கைகட்டி உட்காரத்தான் வைக்கும்.

எழுதிய பிறகு

ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு பள்ளியிலும் ஓர் ஊர் இளைஞர்களிடமும் பாடங்களை நடத்திப் பார்க்க வேண்டும். எங்கே முழிக்கிறார்களோ அந்த இடத்தைத் திருத்தி எழுத வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஏரி நடையில் கண்ட அடைப்புகளின் பட்டியலை இளைஞர்களே வாசிக்கட்டும். கிராம சபையில் மனுவாகவும் கொடுக்கட்டும். மழை முடிந்து ஜனவரி 26 கிராம சபையில், தாங்கள் அளந்த மழைக் கணக்கை வாசிக்கட்டும்.

அந்த மாணவர் இன்று கேட்டாலும் ஏரி நிரம்புமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், "உன் மழை நோட்டைக் கொண்டு வா, போன வருஷம் எவ்வளவு பெய்தபோது கலங்கல் ஓடியது என்று பார்க்கலாம், அப்பாவையும் கூப்பிடு" என்று சொல்ல முடியும். அந்த நோட்டு ஒவ்வொரு ஏரிக்கரை ஊரிலும் இருக்க வேண்டும். இந்த ஜூலையில் தொடங்கலாம்.

- கட்டுரையாளர், உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி.