ஐந்நூறு ரூபாய் எங்கே போகிறது?

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உள்ள ஊர், கூடுவாஞ்சேரி. காலையில் அங்குள்ள ரெயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பையும் கையுமாகக் கூட்டம் நிற்கும். அவர்களில் பலர் இளம் குடும்பஸ்தர்கள், சிறு சம்பளக்காரர்கள்.

"மாதக் கடைசியில் கையில் காசு இல்லையே!"

பல வீடுகளில் சண்டை இந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது. சிறு சம்பளத்தில் சண்டை இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா? முடியும். அதற்குக் கணக்கு வேண்டும்.

சம்பளம் ரூ.20 ஆயிரம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். மாதச் சம்பளம் ரூ.20 ஆயிரம். அதை இப்படிப் பிரிக்கலாம்:

வீட்டு வாடகை ரூ.6,000
மளிகை ரூ.4,000
பால், காய்கறி ரூ.4,000
படிப்பு, வைத்தியம் ரூ.2,500
கியாஸ், மின்சாரம் ரூ.1,500
போக்குவரத்து ரூ.1,000
சேமிப்பு ரூ.500
குடும்பத்தின் மகிழ்ச்சிக்கு ரூ.500

கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் "இந்த மாதம் போகட்டும்" என்று பலரும் முதலில் கை வைப்பது சேமிப்பில்தான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வட்டி தின்னும் பணம்

திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது. கையில் பணம் இல்லை. 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் ரூ.10 ஆயிரம் கடன் வாங்குகிறார்கள்.

மாத வட்டி ரூ.500. ஓராண்டில் ரூ.6 ஆயிரம் கட்டியாகிவிட்டது. கடன் குறைந்ததா? இல்லை. அதே ரூ.10 ஆயிரம் அப்படியே நிற்கிறது!

அந்த ஐந்நூறைத் தபால் நிலையத்தில், மாதந்தோறும் கட்டும் 5 ஆண்டு சேமிப்பில் போட்டால் என்ன ஆகும்? முதலே ரூ.30 ஆயிரம் சேரும். வட்டி தனி.

ஐந்நூறு ஒன்றுதான். ஒரு வீட்டில் அது வட்டியாக வெளியே போகிறது. இன்னொரு வீட்டில் சேமிப்பாக உள்ளே நிற்கிறது.

ஆகவே, சேமிப்பை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள்.

கடன் வாங்கியே தீரவேண்டுமா? மகளிர் சுய உதவிக் குழுவில் சேருங்கள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய முறை இது. உறுப்பினர்கள் சேர்த்த பணத்தில் இருந்தே குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும்.

உரிமையை விடாதீர்கள்

அரிசி கார்டுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசு தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவோடு காலை உணவும் உண்டு. 2022-ல் தொடங்கிய இத்திட்டம், மறு ஆண்டே எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இவற்றைப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

சிரிப்பைக் குறைக்காதீர்கள்

மகிழ்ச்சிக்கான ரூ.500-ஐயும் வெட்டிவிடாதீர்கள். மனைவிக்குப் பூ, குழந்தைகளுக்குச் சுண்டல், என்றாவது ஒருநாள் பக்கத்தில் உள்ள வண்டலூர் உயிரியல் பூங்கா. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு.

ஒரு நோட்டு வாங்குங்கள். இரவில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அன்றைய செலவை எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கடன் வாங்கக்கூடாது. ஒளிக்க எதுவும் இல்லாத வீட்டில் சண்டைக்கும் இடம் இல்லை.

"கடன் இல்லாக் கஞ்சி கால் வயிறு" என்றார்கள் பெரியவர்கள். கணக்கோடு வாழ்ந்தால் வயிறும் நிறையும், மனமும் நிறையும்!